கேஷ் என்பது நம்முடைய காசுதானா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் அப்பா மளிகைக் கடை வைத்திருந்தார். பள்ளி விட்டு வந்ததும் என்னைக் கல்லாவில் உட்கார வைத்துவிட்டுச் சாப்பிடப் போவார். தேக்குப் பலகையில் செய்த கல்லாப் பெட்டி. மேல்மூடியில் நாணயம் போடுவதற்கு ஒரு நீள ஓட்டை, உள்ளே ஐந்து மரக் கிண்ணங்கள், கிண்ணங்களுக்குக் கீழே நோட்டு அடுக்கும் அறை. இரவு கடை அடைக்கும்போது அப்பா "கேஷ் சரியா இருக்கா?" என்று கேட்பார். அம்மா "காசு எண்ணிட்டியா?" என்று கேட்பார். இரண்டும் ஒரே சொல் என்றுதான் பல வருடங்கள் நம்பியிருந்தேன். மொழிபெயர்ப்பு வேலைக்கு வந்த பிறகுதான் கதை அவ்வளவு நேரானது அல்ல என்று தெரிந்தது. இந்தச் சொல்லைப் பற்றி என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகளை இங்கே எழுதி வைக்கிறேன்.

ஆங்கிலக் 'கேஷ்' தமிழ்க் 'காசி'லிருந்து வந்ததா? ஆமா, இல்லையா?

ஆங்கிலத்தில் ஒரே எழுத்துக்கூட்டலில் இரண்டு 'கேஷ்' உண்டு. கடையில் "கேஷா, கார்டா?" என்று கேட்கிறோமே, அந்தக் கேஷ் தமிழிலிருந்து வந்ததல்ல. இந்தியா, சீனா, ஜாவா என்று ஆசியா முழுக்கப் புழங்கிய சிறு நாணயத்தை ஆங்கிலேயர் 'கேஷ்' என்று எழுதினார்களே, அது நம்முடைய காசு. நல்ல ஆங்கில அகராதி எதை எடுத்தாலும் இவை இரண்டும் தனித்தனிப் பதிவாகவே இருக்கும். பலர் முதல் பதிவைப் பார்த்துவிட்டு "தமிழில்லை" என்று முடித்துவிடுகிறார்கள். வேறு சிலர் இரண்டாவது பதிவைக் கேள்விப்பட்டு முதல் சொல்லுக்கும் சேர்த்து உரிமை கொண்டாடுகிறார்கள். இரண்டு தரப்புமே பாதிதான் சொல்கிறது.

அப்படியானால் கடையில் சொல்லும் கேஷ் எங்கிருந்து வந்தது?

ஒரு பெட்டியிலிருந்து. லத்தீனில் 'காப்சா' என்றால் பெட்டி. ரோமானியர்கள் சுருட்டிய ஏடுகளை வைத்துக்கொள்ளும் உருளைப் பெட்டிக்கும் அந்தப் பெயர் உண்டு. அது இத்தாலியனில் 'காஸ்ஸா' என்றும் பிரெஞ்சில் 'கேஸ்' என்றும் மாறி, வணிகர்களின் பணப்பெட்டியைக் குறித்தது. 16ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஆங்கிலம் அதை எடுத்துக்கொண்டது. முதலில் பெட்டிக்குத்தான் கேஷ் என்று பெயர். போகப் போக உள்ளே இருக்கும் பணத்துக்கு அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது, பெட்டி மறந்துபோனது.

நமக்கு இது புரிவதில் சிரமமே இல்லை. "இன்னைக்குக் கல்லா எவ்வளவு?" என்று கேட்டால் யாரும் பெட்டியின் நீள அகலத்தைச் சொல்வதில்லை, வசூலைத்தான் சொல்கிறார்கள். "கல்லா கட்டிட்டாங்க" என்றால் படம் நன்றாக ஓடியது என்று அர்த்தம். பெட்டியின் பெயர் பணத்துக்கு வருவது எந்த ஊர்க் கடைத்தெருவிலும் நடக்கிற காரியம். மும்பைப் பேச்சுவழக்கில் 'பேட்டி' என்றால் ஒரு லட்சம், 'கோக்கா' என்றால் ஒரு கோடி. இரண்டுமே பெட்டியைக் குறிக்கும் சொற்கள்தான்.

காப்சாவின் பிள்ளைகள் நம் வீடுகளிலும் நிறையப் பேர் இருக்கிறார்கள். மாத்திரைக் கேப்சூல், பாட்டுக் கேசட், 'ஒரு கேஸ் சோடா' என்கிறோமே அந்தக் கேஸ், நாமக்கல் பட்டறைகளில் பாடி கட்ட வந்து நிற்கும் லாரியின் சேஸிஸ், எல்லாம் அந்த ஒரே பெட்டியின் வழி வந்தவை. நீதிமன்றக் கேஸ் மட்டும் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததல்ல. அதற்கு மூலம், 'விழுதல், நேர்தல்' என்ற பொருளுள்ள வேறொரு லத்தீன் சொல்.

சரி, தமிழ்க் காசு ஆங்கிலத்துக்குள் போன வழி எது?

போர்ச்சுகீசியர் வழியாக. 1498இல் வாஸ்கோ ட காமா கோழிக்கோட்டுக்கு வந்தார். 1510இல் கோவா, 1511இல் மலாக்கா என்று அவர்கள் பிடித்துக்கொண்டே போனார்கள். தென்னிந்தியக் கரையில் சிறு நாணயத்தைக் 'காசு' என்று சொல்வதைக் கேட்டுத் தங்கள் எழுத்தில் 'காய்ஷா' என்று எழுதிக்கொண்டார்கள். அவர்கள் மொழியில் காய்ஷா ஏற்கெனவே இருந்த சொல். அதற்குப் பொருள் பெட்டி, அதே காப்சாவின் போர்ச்சுகீசிய வடிவம்!

இந்த இடம் எனக்கு மிகவும் பிடித்தது. பெட்டியின் பெயரும் காசின் பெயரும் முதலில் போர்ச்சுகீசிய நாவில் ஒன்றுபோல ஒலித்தன. பிறகு ஆங்கிலேயர் கேட்டதும் இரண்டையும் ஒரே மாதிரி எழுதினார்கள். பொருளும் கிட்டத்தட்ட ஒன்றாக இருந்ததால் யாருக்கும் பிரித்துப் பார்க்கத் தோன்றவில்லை. யூல், பர்னெல் என்ற இருவர் தொகுத்து 1886இல் வெளிவந்த ஆங்கிலோ-இந்தியச் சொல் அகராதியான ஹாப்சன்-ஜாப்சன் இந்தக் குழப்பத்தைத் தெளிவாகப் பதிவு செய்திருக்கிறது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். காசு என்ற சொல் தமிழுக்கு மட்டும் உரியதல்ல. மலையாளம், கன்னடம், தெலுங்கு மூன்றிலும் இருக்கிறது. போர்ச்சுகீசியர் இதைக் கொங்கணி வாயிலாகவும் கேட்டிருக்கலாம் என்று சில அகராதிகள் குறிக்கின்றன. இப்படிப் பங்காளிகள் இருப்பதால் நம் உறவு ஒன்றும் அறுந்துவிடாது.

மெட்ராஸ் நாணயத்தில் 'கேஷ்' என்று பொறித்திருந்தார்களா? அதற்கு என்ன மதிப்பு?

பொறித்திருந்தார்கள். கிழக்கிந்தியக் கம்பெனியின் மெட்ராஸ் கணக்கு இப்படி: 80 காசு ஒரு பணம், 42 பணம் ஒரு வராகன். வராகனை ஆங்கிலேயர் 'பகோடா' என்றும் பணத்தை 'ஃபனம்' என்றும் எழுதினார்கள். ஆக, ஒரு வராகனுக்கு 3,360 காசு. 1818இல் ரூபாய்க் கணக்குக்கு மாறியபோது மூன்றரை ரூபாய் ஒரு வராகன் என்று வைத்தார்கள். அந்தக் கணக்கில் ஒரு ரூபாய்க்கு 960 காசு வருகிறது. வெறும் காசுக்கு எவ்வளவு சின்ன மதிப்பு என்று இதிலிருந்தே தெரியும்.

பழைய நாணயம் சேர்க்கும் நண்பர் ஒருவர் இப்படி ஒரு நாணயத்தை என் உள்ளங்கையில் வைத்தார். 1808ஆம் வருடத்துச் செம்பு. ஒரு பக்கம் கம்பெனியின் சின்னம், கேடயத்தை இரண்டு பக்கமும் பிடித்துக்கொண்டு நிற்கும் சிங்கங்கள், கீழே வருடம். மறுபக்கம் பாரசீக எழுத்து, அதன் கீழே ரோமன் எண்ணில் பத்து, பக்கத்தில் ஆங்கில எழுத்தில் 'கேஷ்'. மெட்ராஸ் சந்தையில் கீரைக்கும் உப்புக்கும் கொடுக்க வேண்டிய பத்துக் காசு. ஆனால் கை மாறின தேய்மானம் அதில் கொஞ்சமும் இல்லை. எழுத்தின் விளிம்பு விரலில் தட்டியது.

காரணம், அது சந்தைக்கு வரவே இல்லை. இங்கிலாந்தில் பர்மிங்ஹாம் பக்கத்தில் இருந்த சோஹோ நாணயச் சாலையில் நீராவி இயந்திரத்தில் அச்சடித்து, 'அட்மிரல் கார்ட்னர்' என்ற கப்பலில் ஏற்றி மெட்ராஸுக்கு அனுப்பினார்கள். 1809 ஜனவரியில் கென்ட் கரைக்கு அப்பால் உள்ள குட்வின் மணல்திட்டில் புயலில் சிக்கி அந்தக் கப்பல் மூழ்கியது. 1980களில்தான் முத்துக்குளிப்பது போல மூழ்கி நாணயங்களை அள்ளினார்கள். லட்சக்கணக்கில் கிடைத்தன. இன்று உலகம் முழுக்க நாணயக் கடைகளில் கிடைக்கும் பத்துக் காசு, இருபது காசில் பெரும்பகுதி இந்தக் கப்பலில் இருந்து வந்தது. தமிழ்ச் சொல் ஒன்றை ஆங்கில எழுத்தில் தாங்கிக்கொண்டு 175 வருடம் கடலடியில் கிடந்த செம்பு அது. அன்று கையில் வைத்திருந்தபோது நண்பரிடம் திருப்பிக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை.

திருவிதாங்கூரிலும் காசு அதிகாரபூர்வமாகவே ஓடியது. 16 காசு ஒரு சக்கரம், 4 சக்கரம் ஒரு பணம், 7 பணம் ஒரு ரூபாய். அந்தச் சிறு செம்பு நாணயத்தில் சங்கு பொறித்திருக்கும். இன்றைய கன்னியாகுமரி மாவட்டம் 1956 வரை அந்தப் பக்கம் இருந்ததால், நாகர்கோவில் வட்டாரத்து மிக மூத்தவர்கள் சிலருக்குச் சக்கரமும் காசும் இன்னும் நினைவில் இருக்கும். கேட்டுப் பாருங்கள்.

சீன நாணயத்தை ஏன் 'சைனீஸ் கேஷ்' என்கிறார்கள்?

நடுவில் சதுர ஓட்டையுள்ள வட்டச் செம்பு நாணயம். கயிற்றில் கோத்து, ஆயிரம் ஆயிரமாகக் கட்டி வைப்பார்கள். சீனர்கள் அதைக் கேஷ் என்று சொன்னதே இல்லை, அவர்களுக்கு வேறு பெயர்கள் இருந்தன. தென்னிந்தியக் கரையில் காசைப் பழகிய ஐரோப்பியர்கள் கிழக்கே போனதும், அங்கே கண்ட மலிவான நாணயத்துக்கெல்லாம் தாங்கள் பழகிய பெயரையே வைத்துவிட்டார்கள். ஜாவாவிலும் இதுதான் நடந்தது. ஆகவே இன்று லண்டனில் ஒருவர் 'சைனீஸ் கேஷ்' என்று ஏலம் விடும்போது அவர் வாயில் வருவது நம் சொல். கடைக்காரர் 'கேஷ் ஆர் கார்ட்' என்று கேட்கும்போது வருவது லத்தீன் சொல்.

சீனக் காசுகள் தமிழ்நாட்டுக்கும் வந்திருக்கின்றன. தஞ்சாவூர்ப் பகுதியில் அவை புதையலாகக் கிடைத்திருக்கின்றன.

காசு எவ்வளவு பழைய சொல்? சமஸ்கிருதம் என்கிறார்களே?

சமஸ்கிருதத்தில் 'கர்ஷ' என்பது ஓர் எடையின் பெயர், அந்த எடையுள்ள நாணயத்துக்கும் அது பெயர். அதிலிருந்து காசு வந்தது என்று ஹாப்சன்-ஜாப்சன் போன்ற நூல்கள் சொல்கின்றன. திராவிட மொழிகளின் வேர்ச்சொல் அகராதி காசைத் தன் பட்டியலில் சேர்த்திருக்கிறது. அறிஞர்களிடையே இன்னும் ஒரு முடிவு இல்லை. என் மனம் சாய்வது திராவிட வேரின் பக்கம். சங்கப் பாட்டில் காசு வரும் விதம்தான் அதற்குக் காரணம்.

குறுந்தொகையின் 67ஆம் பாட்டைப் பாருங்கள். தலைவன் கள்ளிக் காட்டைக் கடந்து போய்விட்டான், நம்மை நினைக்க மாட்டானா என்று தலைவி தோழியிடம் கேட்கிறாள். அந்தக் காட்டில் ஒரு கிளி தன் வளைந்த அலகில் பழுத்த வேப்பம்பழத்தைக் கவ்விக்கொண்டிருக்கிறது. அது எப்படி இருக்கிறதாம்? புது நூலில் கோப்பதற்காகப் பொற்கொல்லன் கூரிய நகங்களுக்கு இடையே பிடித்திருக்கும் ஒற்றைப் பொற்காசு மாதிரி. இங்கே காசு கடைத்தெருப் பணமாக வரவில்லை. உருண்டையாய், பொன்னிறமாய், நூலில் கோக்கும் மணியாக வருகிறது. வேப்பம்பழத்தின் மஞ்சளும் பளபளப்பும் தெரிந்தவர்களுக்கு அந்த உவமை கண்ணில் நிற்கும். கழுத்தில் போடும் காசுமாலை அந்தப் பழைய பொருளின் மிச்சம் என்றே நான் படிக்கிறேன்.

பிறகு சோழர் காலம். தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளில் காசு முழு நாணயம். கோயில் பணத்தை ஊர்ச்சபைகளுக்குக் கடனாகக் கொடுத்து, ஒரு காசுக்கு ஆண்டுக்கு அரைக்கால் காசு வட்டி என்று வெட்டி வைத்திருக்கிறார்கள். இன்றைய கணக்கில் பன்னிரண்டரை சதவீதம். காலப்போக்கில் பொன்னிலிருந்து செம்புக்கு இறங்கி, கம்பெனி காலத்தில் ரூபாய்க்கு 960 என்ற நிலைக்கு வந்துவிட்டது.

வெண்பாவின் ஈற்றுச்சீருக்கு நாள், மலர், காசு, பிறப்பு என்று வாய்பாடு சொல்லிக்கொடுத்திருப்பார்கள். அங்கேயும் இதே சொல்தான்.

கேஷ், மணி இரண்டுக்கும் என்ன வித்தியாசம்? 'கேஷஸ்' என்று சொல்லலாமா?

மணி என்பது பொதுவாகப் பணம். வங்கியில் இருப்பதும் நிலமாக இருப்பதும் மணிதான். கேஷ் என்பது கையில் பிடிக்கும் நோட்டும் சில்லறையும். தமிழில் 'ரொக்கம்' என்ற சொல் இதற்கு அப்படியே பொருந்துகிறது, கணக்குப் புத்தகத்திலும் அதைத்தான் எழுதுகிறோம். பணம் என்ற பொருளில் கேஷுக்குப் பன்மை கிடையாது, முன்னால் 'எ' போடக்கூடாது. வினைச்சொல்லாகவும் வரும்: காசோலையைக் கேஷ் செய்வது.

பேச்சுவழக்கில் கேஷ் எப்படியெல்லாம் வருகிறது?

'கோல்ட் ஹார்ட் கேஷ்' என்றால் கடனும் வாக்குறுதியும் கலக்காத ரொக்கம். "சுளையா ரெண்டு லட்சம்" என்று நாம் சொல்லும்போது வரும் அந்த அழுத்தம் இதில் இருக்கிறது. 'கேஷ் மணி' என்று அமெரிக்காவில் இரண்டையும் சேர்த்துச் சொல்வதும் இதே அழுத்தத்துக்குத்தான். நியூ ஆர்லியன்ஸில் 1991இல் தொடங்கிய ஒரு ராப் இசை நிறுவனத்தின் பெயரே அதுதான்.

'கேஷ் இன் ஆன்' என்றால் ஒரு சந்தர்ப்பத்தைப் பயன்படுத்திக் காசு பார்ப்பது. 'காசு பார்த்துட்டாங்க' என்ற நம் வழக்கை இதற்கு நேராக வைக்கலாம். இரண்டிலும் ஒரு சின்னக் கசப்பு ஒட்டிக்கொண்டிருப்பதைக் கவனியுங்கள்.

'கேஷ் கவ்' என்றால் அதிகம் தீனி போடாமலேயே தொடர்ந்து லாபம் தரும் தொழில். 1970களில் பாஸ்டன் கன்சல்டிங் குரூப் என்ற ஆலோசனை நிறுவனம் தன் நாற்கட்ட வரைபடத்தில் இதைப் பயன்படுத்தியபோது உலகம் முழுக்கப் பரவியது. மொழிபெயர்ப்பில் சிலர் இதைப் 'பணப் பசு' என்று எழுதுகிறார்கள். 'கறவை மாடு' என்று நம்மிடமே கச்சிதமான சொல் இருக்கிறது, அதையே எழுதலாம்.

'ஸ்ட்ராப்ட் ஃபார் கேஷ்' பணமுடை. 'கேஷ் இன் ஹேண்ட்' கைமேல் காசு. ஆனால் பிரிட்டனில் இதற்கு இன்னொரு நிழலும் உண்டு. வேலைக்குக் கூலியை வரிக் கணக்கில் காட்டாமல் கையில் கொடுத்துவிடுவதை அங்கே இப்படிச் சொல்வார்கள். 'கேஷ்பேக்' பிரிட்டனில் வேறு அர்த்தத்திலும் வரும். கடையில் கார்டு தேய்க்கும்போது பொருளின் விலையோடு இன்னும் பத்துப் பவுண்டு சேர்த்துத் தேய்த்து, அந்தப் பத்தை நோட்டாக வாங்கிக்கொள்வது. நம் ஊரில் செயலிகள் தரும் தள்ளுபடிக்குத்தான் அந்தப் பெயர் நிலைத்துவிட்டது.

'கேஷ் ஆன் த நெயில்' என்றால் அந்த இடத்திலேயே ரொக்கம். பிரிஸ்டல் நகரத்துத் தானியச் சந்தைக் கட்டடத்தின் வாசலில் இடுப்பளவு உயரத்தில், மேசை போலத் தட்டையான தலையுடன் நான்கு வெண்கலத் தூண்கள் நிற்கின்றன. அவற்றுக்கு 'நெயில்ஸ்' என்று பெயர், வணிகர்கள் அதன்மேல்தான் பணத்தை எண்ணி வைத்தார்கள். வழக்கு அங்கேதான் பிறந்தது என்று ஊர்க்காரர்கள் சொல்வார்கள். ஆனால் அந்தத் தூண்களுக்கு முன்பே, விரல் நகத்தைச் சொல்லும் இதே மாதிரி வழக்கு பழைய பிரெஞ்சில் இருந்திருக்கிறது. எப்படியானாலும், 'கையிலே காசு, வாயிலே தோசை' என்பதைவிட ருசியாக இதை எந்த மொழியும் சொல்லியிருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

'கேஷ்ட் இன் ஹிஸ் சிப்ஸ்' என்று ஒருவரைப் பற்றிச் சொன்னால் என்ன அர்த்தம்?

இறந்துவிட்டார் என்று அர்த்தம். சூதாட்ட மேசையில் பணத்துக்குப் பதில் வில்லைகளை வைத்து ஆடுவார்கள். ஆட்டம் முடிந்து எழும்போது வில்லைகளைக் கொடுத்துப் பணமாக மாற்றிக்கொண்டு போய்விடுவார்கள். 19ஆம் நூற்றாண்டு அமெரிக்கச் சூதாட்டக்காரர்களின் பேச்சு அது. துக்க வீட்டில் சொல்லக்கூடாது. 'மண்டையைப் போட்டுட்டான்', 'டிக்கெட் வாங்கிட்டான்' என்பதற்கு எவ்வளவு இடம் உண்டோ அவ்வளவுதான் இதற்கும். மொழிபெயர்ப்பாளர்கள் இதைக் 'காலமானார்' என்று எழுதினால் தவறு, அந்தத் துடுக்கு காணாமல் போய்விடும். 'பங்குகளை விற்றுவிட்டார்' என்று எழுதினால் இன்னும் பெரிய தவறு. அப்படி ஒரு மொழிபெயர்ப்பை நான் திருத்தியிருக்கிறேன்.

ராணுவ அதிகாரியைக் 'கேஷியர்' செய்தார்கள் என்று பழைய செய்தியில் வருகிறது. வங்கி வேலைக்குப் போனாரா?

இல்லை. அவமானப்படுத்திப் பதவியிலிருந்து நீக்கினார்கள். இந்த வினைச்சொல்லுக்கும் வங்கிக் கேஷியருக்கும் உறவு கிடையாது. 'உடைத்தல், செல்லாததாக்குதல்' என்ற பொருளுள்ள பிரெஞ்சுச் சொல் டச்சு வழியாக ஆங்கிலப் படையினரின் பேச்சில் ஒட்டிக்கொண்டது. 1895 ஜனவரி 5 அன்று பாரிஸில் ராணுவ அதிகாரி ஆல்ஃபிரெட் டிரைஃபுஸுக்கு நடந்ததை நினைத்துக்கொள்ளுங்கள். படை வரிசை முன் நிறுத்தி, சட்டைப் பொத்தான்களையும் பட்டைகளையும் பிய்த்து, வாளை இரண்டாக ஒடித்தார்கள். குற்றமற்றவர் என்று பிற்பாடு தீர்ப்பானது வேறு விஷயம். இந்தச் சொல்லுக்குள் இருக்கும் காட்சி அதுதான்.

போனில் 'கேஷ் க்ளியர்' பண்ணச் சொல்கிறார்கள். பணம் போய்விடுமா?

போகாது. கணினி, போன் இரண்டிலும் வரும் கேஷ் முற்றிலும் வேறு சொல், உச்சரிப்பு மட்டும் ஒன்று. 'ஒளித்து வை' என்ற பிரெஞ்சு வினையிலிருந்து வந்தது. வட அமெரிக்கக் காடுகளில் தோல் வேட்டைக்குப் போனவர்கள் உணவையும் பொருளையும் புதைத்து வைத்த மறைவிடம் அது. 1960களின் கடைசியில் ஐபிஎம் நிறுவனம், கணினியின் மூளையான ப்ராசஸருக்குப் பக்கத்திலேயே வைக்கும் வேகமான சிறு நினைவகத்துக்கு அந்தப் பெயரை வைத்தது. அடிக்கடி தேவைப்படுவதை எட்டும் தூரத்தில் பதுக்கி வைப்பது அதன் வேலை. அழித்தால் செயலி முதல் தடவை கொஞ்சம் மெதுவாகத் திறக்கும், அவ்வளவுதான். என் அத்தை இந்தப் பயத்திலேயே ஒரு வருடம் போனைச் சுத்தம் செய்யாமல் வைத்திருந்தார், அதனால்தான் இதையும் எழுதுகிறேன்.

முந்திரியின் ஆங்கிலப் பெயரான கேஷ்யூவையும் சிலர் இதோடு சேர்த்துக் கேட்கிறார்கள். அது பிரேசில் நாட்டுத் தூப்பி மொழிச் சொல். இலங்கையில் சொல்லும் 'கஜு' அதே வேரில் வந்தது.

பணத்துக்கு ஆங்கிலத்தில் வேறு கொச்சைச் சொற்கள் என்னென்ன? 'மங்கி' என்றால் 500 என்பது இந்திய நோட்டால் வந்ததா?

'பக்' அமெரிக்க டாலர். மான்தோலைப் பணமாகக் கொடுத்து வாங்கிய காலத்தின் மிச்சம் என்று பெரும்பாலோர் ஒப்புகிறார்கள். 1748இல் ஒஹாயோ பகுதியில் பயணம் செய்த கான்ராட் வெய்சரின் குறிப்பில், ஒரு பீப்பாய் விஸ்கிக்கு ஐந்து 'பக்' என்று விலை வருகிறது. 'டோ' என்றால் பிசைந்த மாவு, 'பிரெட்' என்றால் ரொட்டி. இரண்டும் வயிற்றுப் பிழைப்பு வழியாகப் பணத்துக்கு வந்த பெயர்கள். 'கிராண்ட்' ஆயிரம். நூறு டாலர் நோட்டில் பெஞ்சமின் பிராங்க்ளின் படம் இருப்பதால் அது 'பெஞ்சமின்'.

பிரிட்டிஷ் பந்தயக்காரர்களின் பேச்சில் 'போனி' 25 பவுண்டு, 'மங்கி' 500 பவுண்டு. இந்தியாவில் இருந்த சிப்பாய்கள் குரங்குப் படம் போட்ட 500 ரூபாய் நோட்டைப் பார்த்து இந்தப் பெயரை ஊருக்குக் கொண்டுபோனார்கள் என்று ஒரு கதை எங்கும் சுற்றுகிறது. குரங்குப் படம் போட்ட 500 ரூபாய் நோட்டு இந்தியாவில் வந்ததே இல்லை. ஆங்கிலத்தில் 'எனக்கு ஒரு டேம் கூடக் கவலையில்லை' என்பது முகலாயரின் 'தாம்' என்ற செம்புக் காசிலிருந்து வந்தது என்பதும் இதே ரகம். கேட்க நன்றாக இருக்கும், ஆதாரம் நிற்காது. நம் ஊர் மேல் ஆசைப்பட்டு இப்படிப்பட்ட கதைகளைப் பரப்ப வேண்டியதில்லை. உண்மையாகவே போன சொற்கள் நம்மிடம் போதுமான அளவு இருக்கின்றன.

ஏடிஎம்மை இங்கிலாந்தில் என்ன சொல்கிறார்கள்?

'கேஷ் மெஷின்' அல்லது 'கேஷ்பாயின்ட்'. கொச்சையாகச் 'சுவரில் ஓட்டை'. உலகின் முதல் பணம் தரும் இயந்திரம் என்று பரவலாகச் சொல்லப்படுவது 1967 ஜூன் 27 அன்று வட லண்டனில் என்ஃபீல்டில் பார்க்லேஸ் வங்கி திறந்தது. அதை உருவாக்கிய ஜான் ஷெப்பர்ட்-பேரன் பிறந்தது நம் மேகாலயாவின் ஷில்லாங்கில். ஆறு இலக்க ரகசிய எண் வைக்க நினைத்தவர், மனைவிக்கு நான்குதான் நினைவில் நிற்கிறது என்று தெரிந்ததும் நான்காகக் குறைத்தார்.

தமிழில் காசுக்கு இருக்கும் மற்றப் பெயர்கள் எல்லாம் தமிழ்தானா?

எல்லாம் இல்லை. 'துட்டு' டச்சுக்காரர்களின் 'டாய்ட்' என்ற செம்பு நாணயம். பழவேற்காடு, நாகப்பட்டினம் என்று நம் கரையில் அவர்கள் கோட்டை கட்டி வணிகம் செய்த காலத்தில் வந்தது. மலாய் மொழியிலும் பணத்துக்கு 'டுய்ட்' என்றுதான் சொல்கிறார்கள். மலேசியத் தமிழர் ஒருவர் துட்டு என்று சொன்னாலும் டுய்ட் என்று சொன்னாலும் அதே நாணயத்தைத்தான் சொல்கிறார். 'கல்லா' வடக்கேயிருந்து வந்தது. இலங்கையில் காசு என்றாலே பணம், 'சல்லி'யும் அங்கே நன்றாகப் புழங்குகிறது.

சல்லி என்றதும் புதுக்கோட்டை நினைவுக்கு வராமல் இருக்காது. அந்தச் சமஸ்தானம் தனக்கென்று 'அம்மன் காசு' அடித்துக்கொண்டது. ஒரு பக்கம் பிரகதாம்பாள் உட்கார்ந்திருப்பாள், மறுபக்கம் 'விஜய' என்று தெலுங்கு எழுத்து. மிகச் சின்னச் செம்பு வட்டம், சுண்டு விரல் நகத்தை விடக் கொஞ்சம்தான் பெரிது. மக்கள் வாயில் அது 'அம்மஞ்சல்லி' ஆனது. என் பாட்டி அந்தப் பக்கத்துக்காரர். எதையாவது உடைத்துவிட்டு நாங்கள் சாக்குச் சொன்னால் "அம்மஞ்சல்லி பெறாத பேச்சு" என்பார். பூஜை அறைச் சிமிழில் குங்குமத்துக்கு அடியில் அப்படி ஒன்றை வைத்திருந்தார். அம்மன் முகம் தேய்ந்து வழவழப்பாகிவிட்டது, 'விஜய' மட்டும் இன்னும் படிக்க வருகிறது.